மகனுக்குப் பின் பேரன்: காணி அபிவிருத்திச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை பற்றிய ஒரு விமரிசனம்

புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் செல்லும் பழைய பாதையிலே, கலா ஓயாவின் தென்கரையை அடுத்து அமைந்த ஊர் எலுவன்குளம். ஆற்றைக் கடந்தால் வில்பத்துக் காடு. மேற்கே ஆற்றுமுகமும் கண்டற்காடும் கடலும். அக்காட்டின் கடலோர விளிம்பிலே, வடக்கே, குதிரைமலை முனை நிற்கின்றது. இக்கரையைச் சார்ந்து பழங்கதைகள் இரண்டு வழங்குகின்றன. ஒன்று குவேனியின் கதை. தம்பபண்ணியிற் கரையிறங்கிய விசயன் அவளைச் சேர்ந்து, அவள் துணையால் இயக்கரை வென்று, நாட்டைத் தனதாக்கிக்கொண்டான் என்றும், பாண்டியன் மகள் மணமகளாய் வந்தபோது குவேனியை நீங்குமாறு பணித்தான் என்றும் மகாவமிசம் கூறும். வில்பத்துக் காட்டிலுள்ள இடிபாடுகள் சிலவற்றை அவளோடு இணைத்துப் பேசுதல் இன்றும் வழக்கு. மற்றையது அல்லி அரசாணியின் கதை. நாட்டார் இலக்கியம் அவளை மதுரைக்குரியவளாகப் பாட, இக்கரை மக்கள் குதிரைமலையை அவளது இருக்கை என்பர். ஆண்மகன் எவனுக்கும் அடங்காது நாடாண்ட அவளை அருச்சுனன் சூழ்ச்சியாற் கைப்பிடித்தான் என்பது யாவரும் அறிந்தது.

இவ்விரு கதைகளும் தம்முள் உறவில்லாதன. முன்னையது பாளி நூலிற் கண்டது. பின்னையது தமிழ் வாய்மொழி மரபிற் பிறந்தது. ஆயினும் இரண்டும் ஓரிடத்திற் சந்திக்கின்றன. பெண்ணிடம் நிலம் இருந்தது. ஆடவன் ஒருவன் வந்தான். அதன்பின் நிலம் அவள் கையில் இல்லை. கதையைக்கொண்டு வரலாறு எழுதுதல் தகாது. ஆயினும் ஒரு சமூகம் எதனை இயல்பெனக் கொண்டது என்பதைக் கதை காட்டாதிராது. இருபதாம் நூற்றாண்டிலே அவ்வியல்பு சட்ட வாசகமாக அச்சேறியது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் இறுதியில் மூன்றாம் அட்டவணை என ஒன்று உண்டு. ஒரு பக்கத்தைக்கூட நிரப்பாத அவ்வட்டவணையே ஈண்டு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

அட்டவணையை நோக்குமுன் அது பிறந்த சூழலை அறிதல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமொன்று, காடாகவோ தரிசாகவோ பயிரின்றியோ கிடக்கும் நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியது எனக் கொண்டது. சேனைப் பயிர் செய்து, ஆண்டு சில நிலத்தை ஆறவிட்டு, மீண்டும் அதனிடம் வரும் உழவனுக்கு இந்த அனுமானம் எத்துணைக் கேடானது என்பது சொல்லாமலே விளங்கும். ஆறவிட்ட நிலம் தரிசாயிற்று; தரிசு முடிக்குரியதாயிற்று. இன்றும் இலங்கை நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அரசுக்குரியது என மதிப்பிடப்படுகின்றது. 1927இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழு, முடிக்காணியை முதலாளிகளுக்கு விற்பதை விடுத்துக் குடியானவனுக்கு அளித்துப் பேணுதலே அரசின் கடன் என்றது. அதன் வழியே, கமத்தொழில் காணி அமைச்சராயிருந்த டீ. எஸ். சேனநாயக்கா முயன்று நிறைவேற்றியதே 1935ஆம் ஆண்டுச் சட்டம்.

சட்டத்தின் நோக்கம் நன்று என்பதில் ஐயமில்லை. அரசு குடியானவனுக்கு முதலில் அனுமதிப்பத்திரம் வழங்கும். ஊரார் அதனைப் 'பெர்மிற்' என்பர். அவன் நிலத்தைத் திருத்தி நிபந்தனைகளை நிறைவேற்றினால் பின்னர் அளிப்புப் பத்திரம் கிடைக்கும். அக்காணியை அரசின் இசைவின்றி விற்றலோ ஈடுவைத்தலோ கூடாது. கடன்காரன் அதனைக் கைப்பற்றவும் இயலாது. நிலத்தைத் துண்டு துண்டாக்கிப் பங்கிடலும் தடுக்கப்பட்டது. கடனுக்கும் கூறுபடுதலுக்கும் எதிராக ஏழை உழவனைச் சுற்றி எழுப்பிய வேலி இது என்றால் மிகையாகாது. புத்தளத்தில் தப்போவைக் குளத்தின் கீழும், கலா ஓயாவின் மேற்பாகத்தில் இராசாங்கனையிலும் குடியேற்றங்கள் எழுந்தமை இக்கொள்கையின் விளைவே. உலர் வலயத்து ஊர்களில் ஒருவனது காணியைக் குறித்து விசாரிப்போர், "உறுதிக் காணியா, பெர்மிற் காணியா?" என்றே முதலிற் கேட்பர். அக்கேள்விக்குரிய விடையில் ஒரு குடும்பத்துப் பெண்மக்களின் விதியும் அடங்கியிருந்தது என்பதே அறியப்படாத செய்தி.

காணிக்காரன் தன் பின்னுரித்தாளரைத் தானே பெயர் குறித்துப் பதிவு செய்யலாம் என்று சட்டம் இடமளித்தது. மகளையும் அவன் குறிக்கலாம். எவரையும் குறியாது இறந்தானாயின், வாழ்க்கைத்துணைக்குரிய இடம் ஒழிந்தபின், மூன்றாம் அட்டவணை முன்வரும். அது உறவினரைப் பன்னிரு நிலைகளாக வரிசைப்படுத்திற்று: மகன்மார், பேரன்மார், மகள்மார், பேர்த்திமார், தந்தை, தாய், சகோதரர், சகோதரிகள், மாமன் முதலாய பெற்றோரின் உடன்பிறந்த ஆடவர், மாமி முதலாய உடன்பிறந்த பெண்டிர், உடன்பிறந்தாரின் ஆண்மக்கள், உடன்பிறந்தாரின் பெண்மக்கள். இவ்வரிசையில் முன்னிற்பவர் ஒருவருக்கு மாத்திரமே காணி சேரும். ஒரு நிலையிற் பலர் இருப்பின் மூத்தவர் பெறுவர். உறவு என்பது இரத்த உறவே, மணவுறவு அன்று.

இலக்கியத்தைச் சொல் சொல்லாக நோக்கிப் பழகியவர் இவ்வட்டவணையையும் அவ்வாறு நோக்கினால் ஓர் உண்மை தெரியவரும். தந்தைக்குப் பின் தாய். சகோதரனுக்குப் பின் சகோதரி. மாமனுக்குப் பின் மாமி. ஒவ்வோர் இணையிலும் ஆண் முன், பெண் பின். அக்காலச் சட்டங்களில் இது புதுமையன்று. ஆனால், இவ்விணைகளில் ஒரு தலைமுறை முழுதும் முடிந்தபின்னரே அடுத்த நிலைக்குச் சட்டம் செல்கின்றது. சகோதரன் இல்லையாயின் சகோதரி பெறுவாள். சகோதரனின் மகன் அவளுக்குப் பின்னரே, பதினொராம் இடத்தில், நிற்பான். இதே முறையைப் பிள்ளைகளுக்கும் கொண்டிருப்பின் மகன், மகள், பேரன், பேர்த்தி என்றன்றோ வரிசை அமைதல் வேண்டும்? அட்டவணை அங்ஙனம் அமையவில்லை. மகனுக்கு அடுத்துப் பேரன் வந்தான். மகள் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டாள். சகோதரி விடயத்தில் தலைமுறையை மதித்த அதே கை, மகள் விடயத்தில் தலைமுறையைத் தாண்டியது. எனவே, மகன் முன்னர் இறந்துபட்டிருப்பின், அவன் விட்டுச்சென்ற தொட்டிற் குழந்தை, காணியைக் கொத்திப் பயிரிட்டு முதியோனைப் பேணிய நாற்பது வயது மகளை முந்தும். இதனை வரைந்தோர் கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்று தள்ளுதல் எளிதன்று. நிலம் ஆண்வழியே இறங்க வேண்டும் என்ற துணிபு இங்கே பட்டவர்த்தனமாகத் தெரிகின்றது.

மொழிபெயர்ப்பு நோக்கில் இன்னொன்றையும் இடையே குறிப்பிடலாம். ஆங்கில மூலத்திலே தாயுடன் பிறந்தானுக்கும் தந்தையுடன் பிறந்தானுக்கும் ஒரே சொல்லே உண்டு. தமிழிலோ மாமன் வேறு, சிற்றப்பன் வேறு. மருமகன் வேறு, பெறாமகன் வேறு. இவ்வேறுபாடு வெறும் சொல் வளமன்று. பழைய உரிமை முறையின் அச்சாணி. அந்த அச்சாணியைக் கழற்றிவிட்டே அட்டவணை இக்கரைக்கு வந்தது.

சட்டத்துக்குச் சார்பாக இரு நியாயங்கள் கூறப்படுவதுண்டு. நிலம் கூறுபடாதிருக்க ஒருவரே பின்னுரித்தாளராதல் வேண்டும் என்பது முதலாவது. ஏற்கத்தக்கதே. காற்பங்கு, எட்டிலொன்று, பதினாறிலொன்று எனப் பங்குபட்டு வழக்காடுவதிலேயே அழிந்த காணிகளை அறிந்தவர் இக்கருத்தை இகழார். ஆயின், ஒருவரே பெறுவார் என்பதும் அவ்வொருவர் ஆணே என்பதும் வேறு வேறு விதிகள். மூத்தவர் பெறுவர் என்ற விதி அட்டவணையிலேயே உண்டு. மூத்த பிள்ளை ஆணாயினும் பெண்ணாயினும் அதற்கே காணி என்று வைத்திருப்பின் நிலம் ஒரு முழமேனும் கூறுபட்டிராது. ஆகவே, கூறுபடுதலைத் தடுத்தல் என்ற நோக்கம் ஆண் முதன்மைக்குக் காரணமாகமாட்டாது. அது வேறிடத்திலிருந்து வந்து இந்நோக்கத்தின் நிழலில் ஒதுங்கிக்கொண்டது.

மகள் மணமுடித்து அயலூர் செல்வாள், காணியில் இருந்து பயிரிடுபவன் மகனே என்பது இரண்டாவது நியாயம். வட இந்தியக் கிராமங்களுக்கு இது பொருந்தலாம். இலங்கைத் தமிழ், முஸ்லிம் கிராமங்கள் பலவற்றில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளிலே வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகச் செல்லும். மணமகன் அவள் மனைக்கு வந்து குடியிருப்பான். பெற்றோர் தம் மனையை மகளுக்கு விட்டுக் குடிசையொன்றில் ஒதுங்குதலும் அங்கு வியப்பன்று. மகன் போகின்றான், மகள் இருக்கின்றாள். இருப்பவளை விட்டுப் போகின்றவனுக்குக் காணியைக் கொடுத்த சட்டம், தான் கூறிய நியாயத்தையே தான் மீறியது.

அட்டவணையின் கடுமை, எலுவன்குளம் போன்ற ஓர் ஊரின் சட்ட நிலைமையோடு வைத்து நோக்கும்போதே முழுதும் புலப்படும். யாழ்ப்பாணத் தேசவழமை புத்தளத்து மக்களை ஆள்வதில்லை. இங்குள்ள இந்து, கத்தோலிக்கத் தமிழரை ஆள்வது பொதுச்சட்டம். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, இறந்தவரின் சொத்தில் அரைப்பங்கு வாழ்க்கைத்துணைக்கு; எஞ்சியது பிள்ளைகளுக்கு, ஆண் பெண் வேறுபாடின்றிச் சமமாக. முஸ்லிம் குடும்பமாயின் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் வழியே மகனுக்கு இரு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும் உண்டு. இனி, ஒரே வேலியின் இருமருங்கும் வாழும் இரு குடும்பங்களைக் கருதுக. ஒரு தந்தை உறுதிக் காணிக்காரர். மற்றவர் பெர்மிற் காணிக்காரர். இருவருக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மக்கள். இருவரும் மனைவியரை இழந்தபின், எதுவும் எழுதிவையாது இறக்கின்றனர். உறுதிக் காணியில் மகள் செம்பாதிக்குரியவள். அக்குடும்பம் முஸ்லிம் குடும்பமாயின் மூன்றிலொரு பங்குக்குரியவள். பெர்மிற் காணியில் அவளுக்கு ஒன்றுமில்லை. காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழுள்ள நிலத்திற்கு வேறெந்த உரிமைச் சட்டமும் செல்லாது என்று அச்சட்டமே விதித்தமையால், பொதுச்சட்டம் தந்த பாதியும் மார்க்கச் சட்டம் தந்த மூன்றிலொன்றும் வேலிக்கு அப்பால் நின்றுவிட்டன. ஏழைக்கு நிலம் தர வந்த சட்டம் ஏழையின் மகளைப் பணக்காரனின் மகளிலும் தாழ்ந்தவளாக்கிற்று. உறுதிக் காணி அருகி அரச காணி பெருகிய உலர் வலயத்திலே இதன் விளைவு சிறிதன்று.

இதனைக் கண்டு, பழைய வழமையே பெண்ணுக்குப் பொற்காலம் என்று கூறப் புகுவோர் உளர். அக்கூற்றும் ஆராயற்பாலது. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, புத்தளத்து முக்குவரிடை வழங்கிய தாய்வழி உரிமை முறையைக் குறித்து எழுதியுள்ளார். அம்முறையில் முதுசம் தாய்வழியே இறங்கும் என்பது மெய். ஆனால் அது சென்று சேர்ந்த கை எது? சகோதரியின் மகனது கை. பெண்வழி வந்தது, பெண்ணிடம் தங்கவில்லை. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அம்முறையே வழக்கொழிந்தது.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையும் இவ்வகையில் ஊன்றி நோக்கத்தக்கது. ஒல்லாந்த அதிகாரி கிளாசு இசாக்சு 1706இல் தொகுத்து, பன்னிரு முதலிமார் பார்வையிட்டு ஒப்பிய அத்தொகுப்பு, பிரித்தானியர் ஆட்சியில் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் நிலைபெற்றது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்து, சீதனத்தைப் பெண்ணுக்கே உரித்தாக்கிய சிறப்பு அதற்குண்டு. தாயின் சீதனம் மகள்மாருக்கு என்ற பழமுறையையும் அது பதிவு செய்கின்றது. ஆயின், சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் உரிமை இழப்பாள். அன்றியும், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் வழியுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்து மூலமான இசைவின்றிக் கையளித்தல் கூடாதென்றது. இசைவு பெற முடியாதவிடத்து மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். உறுதியில் அவள் பெயர். ஒப்பத்தில் அவன் பெயர். உரிமை என்ற சொல்லுக்கு இங்கு என்ன பொருள் என்று கேட்பது வீண்வாதமன்று.

குளத்து நீரை வயலுக்குக் கொண்டுசெல்வது வாய்க்கால். நீர் அதன் வழியே போகும், அதில் நிற்பதில்லை. மருமக்கள் முறையிலும் சீதன முறையிலும் பெண் பெரும்பாலும் வாய்க்காலாகவே இருந்தாள். 1935ஆம் ஆண்டு அட்டவணை அவ்வாய்க்காலையும் தூர்த்துவிட்டது என்பதே வேறுபாடு. வழமையைப் போற்றிச் சட்டத்தைத் தூற்றுவோரும், சட்டத்தைப் போற்றி வழமையை இகழ்வோரும் இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து எண்ணினாரல்லர்.

கைம்பெண்ணின் நிலையை 1981ஆம் ஆண்டுத் திருத்தம் ஓரளவு சீர்செய்தது. பெயர் குறிக்கப்படாதவிடத்தும் வாழ்க்கைத்துணை காணியை அடையலாம் என்றாயிற்று. ஆயினும் உடன் மூன்று தளைகள் பூட்டப்பட்டன. அங்ஙனம் அடைந்த துணைவர் காணியைக் கையளிக்க முடியாது. தமக்குப் பின்னுரித்தாளரைக் குறிக்க முடியாது. மறுமணம் செய்யின் காணியை இழப்பர். சட்ட வாசகம் ஆண் பெண் என்று கூறவில்லை. துணைவர் என்றே பொதுப்படக் கூறிற்று. ஆனால், பெர்மிற்றுகள் பெரும்பாலும் ஆடவர் பெயரிலேயே இருந்தமையால் தளை பூண்டோர் பெரும்பாலும் கைம்பெண்களே. பொதுச்சொல் எப்போதும் பொதுநீதி ஆவதில்லை. மணமாலை விழுந்தவுடன் நாடு கைமாறும் அல்லி கதையின் நிழல், அரசாங்க அச்சகத்துத் தாளிலும் படிந்திருந்தது.

1981ஆம் ஆண்டிலேயே, பெண்களுக்கெதிரான பாரபட்சங்கள் யாவற்றையும் ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதி செய்தது என்பது கருதத்தக்கது. அதன் 14ஆம் உறுப்புரை கிராமியப் பெண்களுக்கே உரியது. காணிச் சீர்திருத்தத்திலும் குடியேற்றத் திட்டங்களிலும் அவர்க்குச் சமநடாத்துகை வேண்டும் என்பது. அதற்கு முன்னரே, 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் வேறுபாடு காட்டலாகாதென்று விதித்திருந்தது. பின்னர் எவ்வாறு அட்டவணை நிலைத்தது? 16ஆம் உறுப்புரை விடை கூறும். அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் முன்னிருந்த சட்டங்கள் யாவும் வலிதாகும் என்று அது காப்பளித்தது. முன்வாயிலில் வரவேற்ற சமத்துவத்தைப் பின்வாயிலால் அனுப்பிவிட்டனர் என்க.

ஏட்டிலிருந்த இவ்விதிகள் பேரிடர்க் காலங்களிலே நாட்டில் இறங்கி நடந்தன. 1990 ஒற்றோபரிலே வடமாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலோர் புத்தள மாவட்டத்தில் அடைக்கலம் புகுந்தனர். வில்பத்துக்கு வடக்கேயுள்ள முசலிப் பகுதியினரும் அவருள் அடங்குவர். 2009இல் போர் முடிந்து அவர்கள் மீளச் சென்றபோது பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒரு குடும்பம் பல குடும்பங்களாகியிருந்தது. பெர்மிற்றோ ஒன்று, அதற்குரியவரும் ஒருவர். புத்தளத்து முகாம்களிலே மணமாகித் தாயரான பெண்மக்கள் அவ்வரிசையில் எவ்விடம் நின்றனர் என்பதை மேற்காட்டிய அட்டவணையே சொல்லும்.

2004 திசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளின் பின் கிழக்கிலே நிகழ்ந்ததும் இவ்வினத்ததே. அழிந்த வீடுகளிற் பல பெண்களின் சீதன வீடுகள். அவற்றுக்கு ஈடாக அரசு அளித்த காணியும் வீடும் பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற பெயரிலே கணவன்மாருக்கு எழுதப்பட்டன. குடும்பத் தலைவர் யாவர் என்று எச்சட்டமும் அங்கு விளக்கவில்லை. அலுவலகப் படிவமே விளக்கிற்று. தலைமுறை தலைமுறையாய்த் தாயிடமிருந்து மகளுக்கு வந்த மனையை ஓர் அலை கொண்டுபோக, மனையின் உரிமையைப் பேனா கொண்டுபோயிற்று. கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பத்திரம் வழங்கும் முறை இருந்திருப்பின் இத்தீங்கின் பெரும்பகுதி தவிர்ந்திருக்கும்.

பத்திரத்திற் பெயர் இருப்பதால் விளைவது யாது என்று சிலர் வினவுவர். வண்ணாத்திவில்லுப் பகுதியின் மரமுந்திரிகைத் தோட்டங்களிலும் சேனைகளிலும் பெண் உழைப்பது எவரும் மறுக்காத காட்சி. ஆயினும் வங்கிக் கடன், உர மானியம், பயிர்க் காப்புறுதி, கமக்காரர் அமைப்பில் இடம், காட்டு யானை அழித்த பயிருக்கு இழப்பீடு கேட்கும் தகுதி ஆகியன யாவும் காணியின் பெயரைப் பற்றிக்கொண்டே நடப்பன. பெயரில்லாதவள் தன் வயலிலே கூலியில்லாக் கூலியாள். பீனா அகர்வால் 1994இல் வெளியிட்ட தெற்காசியப் பெண்களின் நிலவுரிமை பற்றிய பெருநூல், நிலத்தைச் சட்டப்படி உடைமையாகப் பெறுதல் வேறு, அதனைத் தன் ஆளுகையில் வைத்திருத்தல் வேறு என்பதை வற்புறுத்தும். யாழ்ப்பாணத்துச் சீதனக்காரிக்கு முன்னது உண்டு, பின்னது குறை. பெர்மிற் காணியில் உழைக்கும் மகளுக்கு இரண்டும் இல்லை.

அயல்நாட்டு நிலையையும் சிறிது ஒப்பிடலாம். தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை அளித்தது. இந்தியா முழுதுக்கும் அது 2005இல் வந்தது. எனினும், சட்டத்துக்குக் காத்திராது நிகழ்ந்த ஒரு முயற்சியே ஈண்டுச் சிறப்பாக எடுத்துரைக்கத்தக்கது. 1968 திசெம்பர் 25ஆம் நாள் தஞ்சைக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரியுண்ட கொடுமையின் பின் அப்பகுதிக்குச் சென்று பணியாற்றிய கிருஷ்ணம்மாள் செகந்நாதனும் அவர் கணவரும் 1981இல் உழுவோருக்கு நில விடுதலை என்ற இயக்கத்தை நிறுவினர். நிலவுடைமையாளரோடு பேசி, கடன்பெற்று நிலத்தை வாங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு அதனைப் பகிர்ந்தளித்தபோது, பத்திரத்தைப் பெண்ணின் பெயரிலேயே எழுதுவித்தனர். குடும்பத்தில் ஆடவன் இல்லாமையால் அன்று. ஆடவன் இருக்கவும் அவ்வாறு செய்தனர். இலங்கையின் குடியேற்றத் திட்டமும் தஞ்சை இயக்கமும் ஏழைக்கு நிலம் என்ற ஒரே குறிக்கோளை உடையன. ஒன்று மகனுக்குப் பின் பேரன் என்றது. மற்றொன்று பெண்ணின் பெயரை முதலில் எழுதிற்று. நோக்கம் ஒன்றாயிருக்கவும் வாசகம் வேறாயிருத்தல் இயலும் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

2022ஆம் ஆண்டிலே இலங்கை நாடாளுமன்றம் காணி அபிவிருத்திச் சட்டத்தைத் திருத்தி, பின்னுரிமை வரிசையில் இருந்த ஆண் முதன்மையை நீக்கியது. எண்பத்தேழு ஆண்டுகள் அது நின்றது. ஓர் அட்டவணையின் சில சொற்களை மாற்ற மூன்று தலைமுறை பிடித்தது என்பது வருந்தற்குரியதே. மாற்றம் வந்தது என்பதை மறைத்தலும் முறையன்று. பல ஆண்டுகளாகக் கிராமியப் பெண்கள் அமைப்புகளும் சட்டவல்லுநரும் இடைவிடாது கேட்டதன் பயன் அது.

எனினும், திருத்தம் இனி நிகழும் இறப்புகளுக்கே ஒளி தரும். 1935க்கும் 2022க்கும் இடையே மகளைத் தாண்டிப் பேரனுக்குச் சென்ற காணிகள், பேரனிடமிருந்து அவன் மகனுக்குச் சென்றுவிட்டன. அவற்றின் பதிவேட்டில் அத்தையொருத்தி இருந்தாள் என்பதற்கு அடையாளமே இராது. பெர்மிற்றே இன்றி அரச காணியிற் குடியிருப்போரின் பெண்மக்களுக்கு எந்த அட்டவணையாலும் பயனில்லை. வில்பத்துவின் எல்லையை ஒட்டிய ஊர்களில், காடு எங்கே முடிந்து குடிநிலம் எங்கே தொடங்குகின்றது என்பதே தீராத வழக்காயிருத்தலின், அத்தகையோர் அங்குச் சிலரல்லர்.

காணிக்காரர் உயிரோடிருக்கும்போதே பிரதேச செயலகத்திற் பின்னுரித்தாளரைக் குறித்துப் பதிவு செய்யும் வழி 1935 முதலே திறந்திருந்தது என்பது முன்னர்ச் சொல்லப்பட்டது. அட்டவணை தந்தையரைத் தடுக்கவில்லை. அவர்தம் மௌனத்துக்கே அது உருக்கொடுத்தது. எத்தனை தந்தையர் மகளின் பெயரைக் குறித்தனர், 2022க்குப் பின் அத்தொகை கூடிற்றா என்பன செயலகப் பதிவேடுகளைப் புரட்டினால் அறியக்கூடியவை. எலுவன்குளம் போன்ற சிற்றூரின் பதிவேடு நூறு பக்கம் இருந்தாலும் மிகுதி. கல்லூரி மாணவர் இருவர் ஒரு விடுமுறையில், உரிய அனுமதி பெற்று, அப்பெயர்களை ஆண், பெண் எனப் பிரித்து எண்ணிவிடலாம்.